'பாகவதர்' ஆன அமெரிக்கப் பேராசிரியர்: யார் இந்த ஜான் ஹிக்கின்ஸ்?

யூட்யூபில் "எந்தரோ மகானுபாவுலு" பாட்டைத் தேடிப் பாருங்க. பெரிய வித்துவான்களின் பெயர்களுக்கு நடுவே ஜான் பி. ஹிக்கின்ஸ் என்ற பெயரும் வரும். படத்தைப் பார்க்காமல் முதலில் குரலை மட்டும் கேளுங்க.

பாடுபவர் அமெரிக்கர். 1939இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவரில் பிறந்தவர். அப்பா ஆங்கில ஆசிரியர், அம்மா இசை ஆசிரியை. ரசிகர்கள் இவரை 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்றே அழைத்தார்கள்.

கர்நாடக இசை எப்படி அறிமுகமானது?

பல்கலைக்கழகத்தில்தான். கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசையும் வரலாறும் படித்தார். அங்கே ராபர்ட் பிரவுன், மிருதங்க வித்துவான் தி. ரங்கநாதன் ஆகியோரின் வகுப்புகள் அவரை இழுத்தன.

ரங்கநாதன் சாதாரணக் குடும்பத்தவர் அல்ல. வீணை தனம்மாளின் பேரன். அக்கா, பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதி. தம்பி, புல்லாங்குழல் வித்துவான் தி. விஸ்வநாதன்.

ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியா போன ஹிக்கின்ஸ், விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்றார். சீக்கிரமே தியாகராஜ ஆராதனையிலும் பாடினார். பிறகு பாலசரஸ்வதியிடமும் கற்றார். நாட்டிய இசை பற்றி ஆய்வு செய்து 1973இல் முனைவர் பட்டம் பெற்றார்.

எது கஷ்டம்?

முதலில் மொழி. தெலுங்கு, தமிழ், கன்னடம், சமஸ்கிருதம்... எதுவுமே அவர் வீட்டு மொழி இல்லை. தமிழ் வீட்டில் பிறந்த நம்மில் சிலரே தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவச்சுப் பாடுறோம், இல்லையா? அவருடைய உச்சரிப்பைத்தான் ரசிகர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள்.

அடுத்தது கமகம். ஒரு ஸ்வரத்தை எப்படி அசைப்பது, எங்கே இழுப்பது என்பதைத் தாளில் முழுசா எழுத முடியாது. குரு பாடணும், நீங்க திருப்பிப் பாடணும். சரியா வரும்வரை அதேதான். வாரம் சில மணி நேர வகுப்பு ஆசையைத் தூண்டும். அது மட்டுமே ஒருவரைப் பாடகர் ஆக்கிவிடாது. ஹிக்கின்ஸுக்கு வகுப்பும் கிடைத்தது, குருவும் கிடைத்தார்.

பேராசிரியராக என்ன செய்தார்?

1971இல் கனடாவின் டொரொன்டோவில், யோர்க் பல்கலைக்கழகத்தில், மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரனுடன் சேர்ந்து இந்திய இசைக் கல்வியைத் தொடங்கினார். 1978இல் வெஸ்லியனுக்கே திரும்பி, இசைப் பேராசிரியராகவும் அங்குள்ள கலை மையத்தின் இயக்குநராகவும் இருந்தார். ஒருகாலத்தில் மாணவராக உட்கார்ந்த அதே இடம்! இதற்கிடையே கச்சேரிகள், இசைத்தட்டுகள் என்று மேடையையும் விடவில்லை.

1984 டிசம்பர் 7ஆம் தேதி, குடித்துவிட்டு ஒருவர் ஓட்டிய வாகனம் மோதி ஹிக்கின்ஸ் இறந்தார். அப்போது அவருக்கு வயது 45 தான்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? "கிருஷ்ணா நீ பேகனே பாரோ" நல்ல தொடக்கம். பாலசரஸ்வதியின் அபிநயத்தால் புகழ்பெற்ற கன்னடப் பாட்டு அது. ஹிக்கின்ஸ் பாடும்போது எங்கேயும் அவசரமே இருக்காது.