கப்பல் தளமும் தகரப் பெட்டியும்

நம் திருவண்ணாமலைக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆயினும் ஒருநாள் கப்பலொன்று நம் மதரஸாத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் துணிப்பொதி ஒன்றைக் கொணர்ந்தார். "ஹஜ்ரத், நாகூரில் பிறந்த எங்கள் பாட்டியார் தகரப் பெட்டியில் வைத்திருந்த கிதாபுத் தாள்கள் இவை. நைந்துவிட்டன. அதபோடு ஓடும் தண்ணீரில் சேர்த்துவிடுங்கள்" என்றார்.

பிரித்துப் பார்த்தோம். எழுத்து அரபு, மொழியோ நம் தமிழ். பாட்டியாரின் கணவர் பினாங்கிலிருந்து எழுதிய கடிதங்கள் அவை! வயிற்றுப் புரட்டல் மூன்றாம் நாள் நின்றதையும், கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் கரை காணும்வரை வந்ததையும் எழுதியிருந்தார். கப்பலின் பெயரும் இருந்தது: ரஜூலா.

1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. நாகையில் கப்பல் கரையணைய ஆழமில்லை. படகேறிச் சென்றுதான் கப்பலேற வேண்டும். தளப் பயணிகளுக்குக் கட்டில் கிடையாது. விரித்த பாயே வீடு, பெட்டியே சுவர். ஏறத்தாழ ஒரு வாரம் அங்கேயே உணவு, உறக்கம், தொழுகை யாவும்.

அத்தொழுகையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கடற்கரையூர் மரக்காயர் ஷாபிஈ மத்ஹபினர். உள்நாட்டு ராவுத்தர் ஹனபி மத்ஹபினர். பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குவது முன்னவருக்குச் சலுகை; பின்னவருக்குக் கடமை. ஓடும் கப்பலில் அமர்ந்து தொழலாம் என்றார்கள் இமாம் அபூஹனீபா (ரஹ்). தக்க காரணமின்றிக் கூடாது என்றார்கள் அவர்களுடைய மாணவர்களான அபூயூஸுபும் முஹம்மதும் (ரஹ்). நாம் கிதாபில் ஓதிக் கொடுக்கும் இம்மஸ்அலாக்களை அம்மக்கள் ஆடும் பலகைமீது நின்று வாழ்ந்து காட்டினார்கள். கப்பல் திரும்பினால் தொழுகிறவரும் கிப்லாவின் பக்கம் திரும்பவேண்டும் என்பதில் இரு சாராருக்கும் ஒரே கருத்து.

கப்பல் போவதோ கிழக்கே. கிப்லா இருப்பதோ மேற்கே. ஆகவே போகிறவரின் முகம், தொழும்போதெல்லாம், விட்டுவந்த கரையை நோக்கியே இருந்தது. அதே வேளையில் நாகூர் வீட்டில் அவருடைய மனைவியும் மேற்கு நோக்கியே தக்பீர் கட்டினார். கடல் அவர் முதுகுக்குப் பின்னே இருந்தது. இருவருக்கும் கிப்லா ஒன்றே. இடையிலிருந்த நீரின் அகலம் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது.

பள்ளிக்கூடம் செல்லாத பெண்மணிகளும் குர்ஆன் ஓதியதால் அரபு எழுத்தை அறிந்திருந்தார்கள். அதனாலன்றோ கணவரின் தமிழ், அரபு எழுத்தில் வீடு வந்தது! பிறர் வாசிக்கக் கேட்கும் நிலையின்றி, அந்தரங்கத்தைத் தாமே வாசித்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்த வாசிப்பு அற்றுப்போயிற்று. அரபெழுத்தைக் கண்டதும் வேதமென்று அஞ்சி நீரில் விடுகிறார்கள். கண்ணியமே வரலாற்றுக்குக் கேடாகிறது.

ரஜூலாவுக்குப் பின்னும் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியது. அத்தோடு அந்தப் பயணக்காலம் முடிந்தது. தளத்தில் பாய் விரித்தவர்களுள் பெரும்பாலோர் இன்று மண்ணறையில் இருக்கிறார்கள். வணிகரின் சரக்குக் கணக்கை வரலாறு எழுதிவைத்தது. ஊறுகாய்க் கணக்கை எழுதிவைத்தவை இக்கடிதங்களே.

அப்பொதியை நாம் நீரில் விடவில்லை. தமிழ் எழுத்தில் படியெடுத்து, மூலத்தோடு அவரிடமே ஒப்படைத்தோம். ஆனால் அதற்கு முன் எத்தனை பொதிகளைப் பிரித்தும் பாராமல் நம் கையாலேயே விட்டிருக்கிறோம்! அல்லாஹ் மன்னிப்பானாக. அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். தண்ணீரில் சேர்க்குமுன், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.