தாத்தாவின் துப்பாக்கி!

1857. மீரட்டில் சிப்பாய்கள் எதற்காகக் கொதித்தெழுந்தார்கள் என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள்! ஆனால், ஒரு கேள்வியை அநேகமாக யாரும் கேட்டிருக்க மாட்டோம். தோட்டாவை எதற்காகப் பல்லால் கடிக்க வேண்டும்?

காரணம், அந்த என்ஃபீல்ட் துப்பாக்கி 'வாய்' வழியே மருந்து போடுகிற ரகம். ஆங்கிலத்தில் 'மஸில் லோடர்' என்பார்கள். தோட்டா என்றால் பித்தளைக் குப்பி கிடையாது. வெறும் காகிதப் பொட்டலம். உள்ளே கருமருந்தும் ஈயக் குண்டும் இருக்கும். பொட்டலத்தின் முனையைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழாய்க்குள் கொட்டி, குண்டைப் போட்டு, நீளமான கம்பியால் கெட்டித்து, தீபாவளிக் கேப்பு மாதிரி ஒரு சின்ன மூடியைப் பின்பக்கம் பொருத்தி... அப்புறம்தான் சுட வேண்டும். நம்மூர் நாட்டுத் துப்பாக்கியும் இந்த ரகம்தான்.

1866-லேயே பிரிட்டிஷ் ராணுவமும் அமெரிக்க ராணுவமும் பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கிக்கு மாறத் தொடங்கிவிட்டன. பழைய ரகத்தின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால், இன்றைக்கும் அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசாமிகள் பலர் சனி, ஞாயிறானால் கருமருந்துக் கொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதுவும் பெரிய செலவில்லாமல்! செத்துப்போன துப்பாக்கிக்கு உயிர் வந்தது எப்படி?

முதலில், அது ஏன் செத்தது என்று பார்த்துவிடலாம். 1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் சண்டை. முடிந்த பிறகு களத்தில் கிடந்த துப்பாக்கிகளைச் சேகரித்தார்கள். 27,000-க்கும் அதிகம்! அவற்றில் சுமார் 24,000 துப்பாக்கிகள் மருந்து கெட்டித்தபடியே கிடந்தன. ஏறக்குறைய பாதியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குண்டுகள். இன்னும் ஆறாயிரம் துப்பாக்கிகளில் மூன்றிலிருந்து பத்து வரை. ஒன்றே ஒன்றில் 23 என்று பதிவாகியிருக்கிறது! பீரங்கிச் சத்தத்தில் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்றே தெரியாமல், பதற்றத்தில் பையன்கள் திரும்பத் திரும்பக் கெட்டித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவசரத்துக்கு லாயக்கில்லாத ஆயுதம் அது!

ராணுவம் கைவிட்டாலும் ஏழைகள் விடவில்லை. டென்னஸி, கென்டக்கி போன்ற அப்பலாச்சியன் மலைக் கிராமங்களில் பித்தளைத் தோட்டா வாங்கக் கையில் காசு வேண்டும். பழைய துப்பாக்கிக்கோ, ஈயத்தை அடுப்பில் உருக்கி அச்சில் ஊற்றினால் குண்டு ரெடி. அங்கே மாட்டிறைச்சிப் போட்டி என்றே ஒன்று உண்டு. ஒரு மாட்டுக்குப் பலர் பங்கு போடுவார்கள். குறி பார்த்துச் சுட்டு ஜெயித்தவர்களுக்கு ஆளுக்கொரு கால் பாகம். தோலும் கொழுப்பும் தனிப் பரிசு. 1918-ல் பிரான்ஸின் ஆர்கோன் காட்டில், ஒரு சில சகாக்களோடு 132 ஜெர்மானியர்களைச் சிறைபிடித்துப் பெயர் வாங்கிய ஆல்வின் யார்க், இப்படிப்பட்ட டென்னஸிப் போட்டிகளில் கை பழகியவர்தான்!

ஆனால், 1930 வாக்கில் ஒரு சிக்கல். துப்பாக்கிகள் பரணில் பத்திரமாக இருந்தன. உபயோகிக்கத் தெரிந்த கிழவர்கள்தான் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். எவ்வளவு மருந்து போடணும், குண்டைச் சுற்றுகிற துணி எவ்வளவு தடிமன் இருக்கணும், அதில் எண்ணெய் தடவணுமா, எச்சிலே போதுமா... இதெல்லாம் கைப்பக்குவம். இன்னும் ஒரு தலைமுறை போயிருந்தால் அவ்வளவுதான்!

1931-ல் ஒஹையோ நதிக்கரையில், போர்ட்ஸ்மவுத் என்ற ஊரில் சிலர் சேர்ந்து ஒரு போட்டி நடத்தினார்கள். நாடே பொருளாதார மந்தத்தில் தள்ளாடிய நேரம். தாத்தாவின் துப்பாக்கியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். 1933-ல் தேசிய சங்கமே உருவாகிவிட்டது. இண்டியானா மாநிலத்தில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற குட்டி கிராமம் பிற்பாடு அதன் தலைமையிடமானது. வருஷத்துக்கு இரண்டு முறை அங்கே திருவிழாக் கூட்டம்தான்!

ஆசை பெருகியதும் அடுத்த பிரச்னை வந்தது. அசல் துப்பாக்கிகள் பழம்பொருள் ஆகிவிட, விலை ஏறியது. புதிதாக ஆரம்பிப்பவர் என்ன செய்வார்? நகை விற்பனைக்காக ஊர் ஊராக அலைந்த டர்னர் கிர்க்லண்ட் என்பவர், 1954-ல் டென்னஸியில் 'டிக்ஸி கன் வொர்க்ஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். பழைய மாடலைப் புதிதாகச் செய்து தபாலில் விற்றார். வேல் ஃபோர்ஜெட் என்ற இன்னொரு அமெரிக்கர் இத்தாலிக்குப் போய், பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி செய்யும் பிரெஷ்ஷா வட்டாரத்துப் பட்டறைகளில் நகல்கள் செய்யச் சொன்னார். 1970-களில் பாகங்களாகவே ஒரு பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். மரக்கட்டையை இழைத்து, பித்தளையை அரத்தால் ராவி, சமையலறை மேஜையிலேயே பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். உழைப்பு நம்முடையது என்பதால் விலை குறைவு!

சட்டமும் உதவியது. 1963-ல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற துப்பாக்கியை, ஆஸ்வால்ட் பொய்ப் பெயரில் தபாலில் வரவழைத்திருந்தான். விலை சுமார் 20 டாலர்தான்! 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட, அந்த வருஷமே கடுமையான சட்டம் வந்தது. தபாலில் துப்பாக்கி வாங்குவது போச்சு. ஆனால், 1898-க்குள் செய்யப்பட்டவற்றுக்கும், நவீனத் தோட்டா போட முடியாத அவற்றின் நகல்களுக்கும் விலக்கு தந்துவிட்டார்கள். இன்றைக்கும் மத்தியச் சட்டம் பெரும்பாலான மஸில் லோடர்களைப் 'பழம்பொருள்' என்றே கருதுகிறது. சில மாநிலங்கள் மட்டும் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. (இந்தியாவில் கதையே வேறு. 1959-ன் ஆயுதச் சட்டப்படி நாட்டுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் ஜெயில்!)

சரி, அங்கே 60 வயதில் ஒருவர் புதிதாக ஆரம்பிக்கிறார், கையில் பணமும் அதிகமில்லை என்று வையுங்கள். அனுபவஸ்தர்கள் சொல்லும் முதல் யோசனை: "எதுவும் வாங்காதே, முதலில் கிளப்புக்குப் போ." அங்கே யாராவது தன் துப்பாக்கியையே கையில் கொடுத்துச் சொல்லித் தருவார். அப்புறம் பழசாக ஒன்று வாங்கலாம். குழாயின் உட்புறம் துரு தின்றிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

தினப்படிச் செலவும் குறைவுதான். ஒரு பவுண்ட் மருந்து என்பது 7,000 கிரெய்ன். இலக்கைச் சுட, ஒரு தடவைக்கு 50 கிரெய்ன் என்று வைத்தால் 140 தடவை சுடலாம்! ஒவ்வொரு முறையும் அளந்து, கெட்டித்து, துடைத்துச் சுடுவதால், ஒரு மத்தியானம் முழுக்கச் சுட்டாலும் 30 குண்டு செலவானால் அதிகம். சுத்தம் செய்ய வெந்நீரும் சோப்பும் போதும். ஆனால், அதை அன்றைக்கே செய்தாக வேண்டும். கருமருந்துக் கரி ஈரத்தை இழுத்து, இரும்பைச் சீக்கிரமே அரித்துவிடும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடமும் உண்டு. நவீனத் துப்பாக்கிகளின் புகையில்லா மருந்தை இதில் போட்டால் குழாயே வெடித்துச் சிதறும். கை போகும், கண் போகும், உயிரும் போகலாம். மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழாய்க்குள் கொட்டவும் கூடாது. உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் கொம்பே குண்டாகிவிடும். தனி அளவையில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும்.

கடைசியாக, காலணா செலவில்லாத ஒரு பாடம். கெட்டிக்கும் கம்பியில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். குழாய் காலியாக இருந்தால் கம்பி எதுவரை இறங்கும் என்பதற்கு ஒன்று. ஒரு குண்டு கெட்டித்திருந்தால் எதுவரை என்பதற்கு இன்னொன்று. சந்தேகம் வந்தால் கம்பியை விட்டுப் பார்த்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கெட்டிஸ்பர்க்கில் அந்தப் பையன்களுக்கு இப்படி நின்று பார்க்க அவகாசம் இல்லை. பென்ஷன் வாங்கும் தாத்தாவுக்கு இருக்கிறது!