தாம்பரம் சானடோரியம்: காசநோய்க் கிருமியும் ஒரு மருத்துவமனையின் வரலாறும்

1928இல் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியபோது, அந்நோய்க்கு மருந்தென்று எதுவும் கிடையாது. ராபர்ட் கோக் 1882லேயே கிருமியை அடையாளம் காட்டியிருந்தும், அதைக் கொல்லும் வழி பிடிபடவில்லை. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தி, கணிதமேதை ராமானுஜனுக்கும் சிகிச்சை அளித்தவர் சௌரி முத்து. அங்கே கைக்கொண்ட முறையையே இங்கும் கொண்டுவந்தார்: திறந்தவெளிக் காற்று, முழு ஓய்வு, ஊட்டமான சாப்பாடு. 1937இல் மருத்துவமனை அரசின் கைக்கு வந்தது.

இந்த முறையைப் பழமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. நோயாளியின் உடல்வலுவைத் தவிர வேறு ஆயுதமே இல்லாத காலம் அது. 1943இல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. 1952இல் ஐசோனியசிட் காசநோய்க்கு மருந்தானது. அதன்பின் கேள்வியே மாறிவிட்டது. மருந்து இருக்கும்போது சானடோரியப் படுக்கை அவசியம்தானா?

இதற்கு விடை சென்னையில்தான் கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு ஆகியவை சேர்ந்து 1956இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அங்கே மருத்துவர் வாலஸ் பாக்ஸ் முன்னின்று நடத்திய ஆய்வில், 193 நோயாளிகள் வீடு, சானடோரியம் என இரு பிரிவாக்கப்பட்டு, ஓராண்டு ஒரே மருந்துகளைப் பெற்றனர். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கோ நெரிசலும் அரைவயிற்றுச் சாப்பாடும்தான். ஆனாலும் 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகக் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து விடுவித்த ஆய்வு இது. உலகம் அறிந்த அளவுக்கு நம் ஊர் இதை அறியவில்லை என்பது என் வருத்தம்.

முடிவைத் தீர்மானித்தது சளிப் பரிசோதனை. கார்பால் பியூக்சின் சாயத்தைச் சூடேற்றி ஏற்றி, அமிலத்தால் கழுவினாலும் காசநோய்க் கிருமி சிவப்பை விடாது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவந்த குச்சியாகத் தெரியும். வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் முட்டை கலந்த பச்சை நிற ஊடகம் வேண்டும். ஆறு, எட்டு வாரங்கள்கூடக் காத்திருக்க வேண்டும். நோயாளியைத் தேற்ற ஊட்டிய முட்டையே ஆய்வகத்தில் கிருமிக்கும் உணவானது.

வீட்டுச் சிகிச்சை வென்றபின் தாம்பரம் காலியாகியிருக்கலாம். ஆகவில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். தொண்ணூறுகளில் அத்தொற்று உள்ளவர்கள், சானடோரியமாகத் தொடங்கிய தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினர். எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் உறங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி விழித்தது. கூடவே பூஞ்சைகளும் வந்தன. வாயில் கேண்டிடா, மூளைச்சவ்வில் கிரிப்டோகாக்கஸ், நுரையீரலில் நியூமோசிஸ்டிஸ். கடைசியாகச் சொன்னது பூஞ்சை என்பதே 1988இல்தான் மரபணு ஆய்வால் தெரிந்தது.

2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான அரசின் இலவசக் கூட்டுமருந்துத் திட்டம் தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அங்கே புதிய சிக்கல் எழுந்தது: காசநோய்க்கான ரிபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான நெவிராபினின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் இரு நோயும் உள்ளவர்களுக்கு எபாவிரென்ஸ் கொடுத்தார்கள்.