ரெண்டு பந்து, ஒரு கோபாலன்

பி.காமில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று படிப்போம். ஒன்றை எடுத்துக்கொள்ள இன்னொன்றை விடுகிறோம் இல்லையா, அந்த விட்டதின் மதிப்பு. அந்தப் பாடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எம்.ஜே.கோபாலன் ஞாபகம்தான் வரும்.

செங்கல்பட்டு பக்கத்தில் பிறந்தவர். வேகப்பந்து வீச்சாளர். சி.பி.ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் இவர் திறமையைப் பார்த்து பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் நாட்டுக்காக ஆடினாலும் பிழைப்புக்கு ஒரு வேலை வேண்டும். இன்றைய ஐ.பி.எல். ஏலத்தை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது...

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். ஒரு விக்கெட். அதே வருடம் நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மதராஸும் மைசூரும். முதல் பந்தை வீசியது நம்ம கோபாலன்! மைசூர் 48, மதராஸ் 130, மைசூர் மறுபடி 59. ஒரே நாளில் ஆட்டம் காலி. ராம்சிங் 11 விக்கெட். (எங்கள் பாகலூர் அப்போது மதராஸ் மாகாணம், கொஞ்ச தூரத்தில் மைசூர் சமஸ்தானம். எங்க ஊர்க்காரர்கள் யார் பக்கம் இருந்திருப்பார்களோ!)

இவர் ஹாக்கியும் ஆடுவார். 1935-ல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து போன இந்திய அணியில் இவரும் இருந்தார். அந்தப் பயணத்தில் ஆடிய 48 ஆட்டங்களிலும் ஜெயம்.

அடுத்த வருடம்தான் சிக்கல். ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். ரெண்டும் ஒரே கோடையில். கோபாலன் கிரிக்கெட்டை எடுத்தார். விஜயநகரம் மகாராஜ்குமார் கேப்டன். அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பினார்களே, அதே பயணம். கோபாலனுக்கு மூன்று டெஸ்டில் ஒன்றுகூட கிடைக்கவில்லை.

1936 ஆகஸ்ட் 15. லண்டன் ஓவலில் மூன்றாவது டெஸ்ட் தொடங்குகிறது, அணியில் கோபாலன் இல்லை. அதே நாள் பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று அடித்து இந்தியா ஹாக்கித் தங்கம் வாங்குகிறது!!

தப்பான முடிவு என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹாக்கியில் இந்தியா ஏற்கெனவே 1928, 1932 என்று ரெண்டு தங்கம் வாங்கியிருந்தது. கிரிக்கெட்டில் ஒரு டெஸ்ட்கூட ஜெயித்ததில்லை. ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவனுக்கு இன்னொன்று ஆட ஆசை இருக்காதா?

அந்த இன்னொன்று கடைசிவரை வரவில்லை. பிறகு தேசியத் தேர்வுக்குழுவில் இருந்தார். 1950களில் மதராஸும் இலங்கையும் ஆடத் தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். 2003 டிசம்பரில் சென்னையில் காலமானார்.