ஹெட்போனில் இளையராஜாவின் இசைத்தொகுப்புகள்

இளையராஜா திரைப்படத்துக்கு வெளியே உருவாக்கிய 'ஹவ் டு நேம் இட்?' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988), 'திருவாசகம்' (2005) ஆகியவை ஹெட்போனில் கேட்கும்போது முழுமையாகப் புலப்படும் இசைத்தொகுப்புகள். தமிழ்நாட்டில் பாட்டைத் தனியாகக் கேட்கும் பழக்கம் உருவான வரலாற்றோடு சேர்ந்தவை.

பின்புலம்

மதுரை வட்டாரத்தில் இசை திறந்தவெளிக்கு உரியதாக இருந்தது. நாதஸ்வரமும் தவிலும் தொலைவுக்குக் கேட்கவே அமைந்த வாத்தியங்கள். பின்னர் கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் முளைப்பாரி ஊர்வலத்திலும் குழாய் ஒலிபெருக்கி அவற்றோடு சேர்ந்துகொண்டது. குழாய் நடுத்தொனியை மட்டுமே உரக்கத் தரும். மெட்டு தெருமுனைவரை போகும், பேஸ் கிட்டார் பந்தலைக்கூடத் தாண்டாது. கர்நாடக இசையில் மெட்டு ஒன்றே என்பதால் இதில் இழப்பு குறைவு.

இளையராஜாவின் இசையில் அது பெரிய இழப்பு. அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் 1943 இல் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் கட்சி மேடைகளில் வாசித்தவர் அவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற பின், ஒரே நேரத்தில் பல மெட்டுகள் தனித்தனியாக நகரும்படி எழுதினார். இடது, வலது ஒலிகளைப் பிரித்துப் பதியும் ஸ்டீரியோ முறை இதற்குத் துணைநின்றது. 'ப்ரியா' (1978) தமிழின் முதல் ஸ்டீரியோ திரையிசைத்தொகுப்பாகக் குறிப்பிடப்படுகிறது. மறு ஆண்டு ஜப்பானில் சோனி வாக்மேன் வெளிவந்தது.

ஆனால் ஊரில் கேட்டவர்களில் பலருக்கு ஸ்டீரியோ எட்டவில்லை. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட், ஒவ்வொரு நகலிலும் மேல்தொனியை இழந்தது. மிச்சத்தை ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரிக்கார்டர் ஒன்றாகக் கலந்துவிட்டது. பேருந்தில் இன்னும் மோசம். டீசல் இஞ்சினின் உறுமலும் பேஸ் கிட்டாரும் ஒரே கீழ்த்தொனியில் இருப்பதால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். 1999 இல் திறக்கப்பட்ட மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து இரவு முழுவதும் ஓடும் நீண்ட பயணங்களில், வாக்மேனும் பின்னர் செல்போனும் வைத்திருந்தவர்களே அந்தப் பேஸைக் கேட்டார்கள்.

இசைத்தொகுப்புகள்

'ஹவ் டு நேம் இட்?' தியாகராஜருக்கும் பாகுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. முதன்மை வயலின் வி. எஸ். நரசிம்மன். இதில் 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்ற பகுதி, பெயர் சொல்வதுபோல, ஃபியூக் வடிவத்தைச் சேர்ந்தது. ஒரு வாத்தியம் தொடங்கிய மெட்டைச் சற்றுத் தள்ளி இன்னொன்று வேறு சுரத்தில் தொடங்கும், முதலாவது அதற்குள் வேறு பாதைக்குப் போயிருக்கும். எந்த வயலின் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் இது வெறும் நெரிசல். இரு காதுகளுக்கும் தனித்தனி ஒலி சேரும்போதுதான் அது உரையாடலாகிறது. 'நத்திங் பட் விண்ட்' ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை மையமாகக் கொண்டது. அதில் மெட்டு முன்னிற்பதால் சாதாரண ஸ்பீக்கரிலும் பெரும்பகுதி தப்பிவிடும்.

'திருவாசகம்' வேறுவகைச் சிக்கல். மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர், மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை வழியே போனால் எட்டிவிடும் தொலைவில் உள்ளது. அவர் பாடல்களுக்கு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. 'பொல்லா வினையேன்' பகுதி சுமார் 20 நிமிடம் நீள்கிறது. இளையராஜாவின் குரல் மிக அருகிலும், ஆங்கிலத்தில் பாடும் சேர்ந்திசைக் குரல்கள் பின்னாலும் ஒலிக்கின்றன. இந்தத் தொலைவு வேறுபாடே அதன் பொருள். ஒரு தனிமனிதர் தன் குறைகளைச் சொல்லி உருகுவதைப் பெருங்கூட்டம் ஒன்று சூழ்ந்து நிற்கிறது. ஓதுவார் மரபில் தோய்ந்த காதுக்கு ஆங்கிலச் சேர்ந்திசை உறுத்தலாம். அந்த உறுத்தல் நியாயமானதே.

ஹெட்போனுக்கும் குறை உண்டு. ஸ்பீக்கரில் எதிரே விரியும் இசைக்குழு ஹெட்போனில் தலைக்குள்ளேயே அடைபட்டதுபோலத் தோன்றும். பெரிய அரங்கின் காற்றோட்டத்தை நல்ல ஸ்பீக்கர் இணையே தரும். ஆனால் அதற்கு அமைதியான அறை வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் குடியிருப்புகளில் அது எளிதல்ல.

திருவாசகத்தின் பகுதியான திருவெம்பாவையை மார்கழி விடியலில் மதுரைக் கோயில்களின் ஒலிபெருக்கிகள் இன்றும் ஊருக்கே கேட்கும்படி ஒலிக்கின்றன.