கூலியும் குலியும்

சில வருஷங்களுக்கு முன்னால் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். புத்தகம் வாங்கிய களைப்பில் ஒரு டீக்கடை ஓரமாக ஒதுங்கினேன். ஷிப்ட் மாறுகிற நேரம். ஹெல்மெட்டும் டிபன் கேரியருமாக ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள்.

பக்கத்தில் ரெண்டு பேர். ஒருவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர். இன்னொருவன் இருபத்தைந்து வயதுப் பையன், காண்ட்ராக்ட் தொழிலாளி. உறவுக்காரர்கள் போலிருக்கிறது. பேச்சுவாக்கில் பெரியவர், "உன்ன மாதிரி கூலிங்களுக்கெல்லாம்..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

பையன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"பெரியப்பா, நான் கூலி இல்ல. கூலிக்கு வேலை பாக்குறவன்."

கோபமெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். பெரியவரும் "சரிப்பா, வாய் தவறிடுச்சு" என்று சிரித்துவிட்டார். எனக்குத்தான் அந்த வாக்கியம் பஸ் ஏறிய பிறகும் போகவில்லை. இலக்கண வாத்தியார்கள் ரெண்டு பக்கம் எழுதவேண்டிய விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டானே!

நான் பி.காம். படித்தவன். 'கூலி' என்றதும் எனக்கு ஞாபகம் வருவது கணக்குப் பாடம்தான். கூலியை வியாபாரக் கணக்கில் எழுது, சம்பளத்தை லாப நஷ்டக் கணக்கில் எழுது என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். ரெண்டும் உழைத்தவனுக்குப் போகிற காசுதானே, எதற்கு ரெண்டு இடம் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஊர்ப் பேச்சும் அப்படித்தான். பெர்மனென்ட்காரர் வாங்குவது சம்பளம். காண்ட்ராக்ட்காரர் வாங்குவது கூலி.

ஆனால் இந்த ரெண்டெழுத்துச் சொல்லின் வயது என்ன தெரியுமா?

திருக்குறளில் இருக்கிறது. 'ஆள்வினையுடைமை' அதிகாரம், 619-வது குறள். தெய்வமே கைவிட்டாலும், உடம்பு வருந்த உழைத்ததற்கான பலன் வந்தே தீரும் என்கிறார் வள்ளுவர். அந்தப் பலனுக்கு அவர் போட்ட பெயர், கூலி. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும்கூட இதே சொல், இதே பொருள்தான். கொழும்பில் ஒரு வீட்டு வாசலில் சிங்களத்தில் 'குலியட' என்று போர்டு தொங்கினால், வீடு வாடகைக்கு என்று அர்த்தம்.

ஆக, கூலி என்பது காசு. அல்லது நெல். உழைத்தவனுக்குக் கொடுக்கவேண்டிய ஒன்று. உழைப்பவனைச் சொல்ல வேண்டுமென்றால் 'ஆள்' என்றோ 'காரன்' என்றோ பின்னால் ஒட்டவேண்டும். கூலியாள், கூலிக்காரன். அந்த ஒட்டு எப்போது உதிர்ந்தது? எங்கே உதிர்ந்தது?

இதற்குப் பதில் தேடினால், கதை நம்மை மங்கோலியப் புல்வெளிக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

அங்கே ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு கல்வெட்டு. கி.பி. 732-ல், கூல் தெகின் என்ற துருக்கிய இளவரசனின் நினைவாக வைத்தது. பல நூற்றாண்டுகள் யாராலும் படிக்க முடியாமல் கிடந்த அந்த எழுத்தை, 1893-ல் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் தாம்சன் உடைத்தார். சீனர்களிடம் தோற்ற துருக்கிய மக்களின் கதி அதில் புலம்பலாக வருகிறது. பிரபுக்களின் பிள்ளைகளெல்லாம் 'குல்' ஆகிப்போனார்களாம்.

குல் என்றால் அடிமை.

துருக்கி மொழிக் குடும்பத்தில் பரவலாக உள்ள சொல் இது. காதில் கேட்பதை வைத்து மட்டும் இதைத் தேடினால் வழி தவறிவிடும். கிர்கிஸ்தானில் 'இஸிக் குல்' என்று பிரமாண்டமான ஏரி இருக்கிறது. அந்தக் குல் வேறு. அதற்கு ஏரி என்று பொருள். உடனே 'ஆஹா, நம்ம குளம்!' என்று யாரும் துள்ள வேண்டாம். ஒலி ஒத்துப்போனால் உறவு என்றாகிவிடாது. துருக்கியிலேயே உயிரெழுத்தைக் கொஞ்சம் மாற்றினால் சாம்பலாகிவிடும், இன்னும் கொஞ்சம் மாற்றினால் கை ஆகிவிடும். நமக்கு வேண்டியது அடிமைக் குல் மட்டும்.

இந்தக் குல் சாமானியப்பட்டது இல்லை. ஆட்டோமன் சுல்தானின் அரண்மனைப் படைகளுக்குப் பெயரே 'கபிகுலு', அதாவது வாசல் அடிமைகள். அதில் ஒரு பிரிவுதான் ஐரோப்பாவையே நடுங்கவைத்த ஜானிசரிகள். அடிமைகள்தான், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்கிய அடிமைகள்! சம்பளம் தாமதமானாலோ, மட்டமான நாணயத்தில் கொடுத்தாலோ, சூப் காய்ச்சுகிற அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். 'உன் சோறு வேண்டாம்' என்று அர்த்தம். சுல்தான்களுக்கு வயிற்றைக் கலக்கும். கடைசியில் 1826-ல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் பீரங்கி வைத்து அந்தப் படையையே ஒழித்துக்கட்டினார்.

கிழக்கே பாரசீகத்துக்குப் போனபோது, இதே சொல் 'குலி' என்று பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டது. அலி குலி என்றால் அலியின் அடிமை. நம்மூர் ராமதாஸ், காளிதாஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பணிவைக் காட்டும் பெயர். 1591-ல் ஹைதராபாத்தை உருவாக்கிய கோல்கொண்டா சுல்தானின் பெயர் முகம்மது குலி குதுப் ஷா. ராஜா, ஆனால் பெயரில் அடிமை!

இன்னொருவர் தஹ்மாஸ்ப் குலி கான். பாரசீக மன்னர் தஹ்மாஸ்பின் அடிமை என்று பட்டம். 1732-ல் அந்த தஹ்மாஸ்பையே அரியணையிலிருந்து இறக்கினார். 1736-ல் தானே அரசராகி, 1739-ல் டெல்லிக்கு வந்து மயிலாசனத்தை அள்ளிக்கொண்டு போனார். ஆமாம், நாதிர் ஷாதான். பெயரில் இருக்கும் அடிமையை நம்பக்கூடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். தெற்கே கூலி, வடக்கே குலி. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத ரெண்டு சொற்கள். துருக்கியக் குதிரைகள் தமிழ்நாட்டை எட்டிப் பார்ப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே குறளில் கூலி உட்கார்ந்துவிட்டது. இந்த நிலையில் கப்பலில் வந்து இறங்குகிறார்கள் போர்ச்சுகீசியர்கள். பின்னாலேயே ஆங்கிலேயர்கள். மூட்டை தூக்க, பல்லக்குச் சுமக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'கூலி'.

எந்தக் கூலி? 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற புகழ்பெற்ற அகராதி இதைப் போட்டுப் பிசைந்திருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். குஜராத்தில் 'கோலி' என்றொரு சமூகம் உண்டே, அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதியின் முதல் சந்தேகம். அப்புறம் தமிழ்க் கூலியைச் சொல்கிறார்கள். துருக்கிய அடிமையைச் சொல்கிறார்கள். திபெத்தில் வேலைக்காரனைக் குறிக்கும் 'கோல்' என்ற சொல்லைக்கூட விடவில்லை. அறிஞர்களிடையே இன்றுவரை ஒரே முடிவு இல்லை.

எனக்கென்னவோ, வேர் எது என்பதைவிட, சேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. உருவம் தமிழ்க் கூலியினுடையது. அவர்களை நடத்திய விதம் துருக்கியக் குலியினுடையது.

1833-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. நஷ்ட ஈடாக 2 கோடி பவுன். யாருக்கு? அடிமைகளுக்கு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். முதலாளிகளுக்கு! அடிமைக்குக் காலணா கிடையாது. கரும்புத் தோட்டங்களில் ஆள் இல்லாமல் போகுமே என்று, 1834 நவம்பரில் 'அட்லஸ்' என்ற கப்பலில் 36 இந்தியர்களை மொரீஷியஸுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். அடுத்தடுத்து லட்சக்கணக்கில் போனார்கள். அவர்கள் இறங்கிய துறைக்குப் பெயரே 'கூலி காட்'. 1987-ல்தான் பெயரை மாற்றி 'ஆப்ரவாசி காட்' என்றார்கள். 2006-ல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் தென் ஆப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அங்கே இந்தியன் என்றாலே கூலி. 1893-ல் போன காந்தியும் தப்பவில்லை. அவர் 'கூலி பாரிஸ்டர்'! தமிழர்களுக்கு 'சாமி' என்று இன்னொரு பெயரும் உண்டு. முனுசாமி, ராமசாமியின் வால். இதில் ஒரு ருசியான விஷயத்தைக் காந்தி சுயசரிதையில் எழுதியிருக்கிறார். விவரம் தெரிந்த இந்தியர்கள், 'சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உங்கள் எஜமான் இல்லையே!' என்று வெள்ளைக்காரர்களைத் திருப்பி மடக்குவார்களாம்.

சொல் அதோடு நிற்கவில்லை. சீனாவில் 'கு' என்றால் கசப்பு, 'லி' என்றால் பலம். கூலி என்ற ஒலியைப் பிடித்து, 'கசப்பான உழைப்பு' என்று எழுதிவிட்டார்கள். இவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பை நான் பார்த்ததில்லை. இந்தோனேசியாவில் பத்திரிகைக்காரனுக்கு 'குலி திந்தா' என்று செல்லப் பெயர். மைக்கூலி. அடியேனையும் சேர்த்துத்தான்.

போன சொல் திரும்பியும் வந்துவிட்டது. ஸ்டேஷனில் "கூலி! கூலி!" என்று ஒரு மனிதரைக் கூப்பிடுகிறோம். 2016 ரயில்வே பட்ஜெட்டில், இனி அவர்களை 'சகாயக்' என்று அழைப்போம் என்று அறிவித்தார்கள். பெயர் மாற்றம் நல்லதுதான். மூட்டையின் எடை மாறவில்லை.

கணக்குக்காரனாக இதை இப்படித்தான் என்னால் பார்க்க முடிகிறது. பேலன்ஸ் ஷீட்டுக்கு ரெண்டு பக்கம். குலி, அதாவது அடிமை, சொத்துப் பக்கத்தில் வருவான். பழைய தோட்டக் கணக்குகளில் மாடு, கலப்பை, வண்டியோடு அவனுக்கும் ஒரு விலை போட்டிருப்பார்கள். கூலி எதிர்ப் பக்கத்தில் வரும். கொடுக்காமல் விட்டால், முதலாளி தலையில் நிற்கிற கடன். பேருக்குக் கூலி என்று சொல்லிவிட்டு, மனிதனையே சொத்துப் பக்கத்துக்கு மாற்றி எழுதினார்கள். நூறு வருஷத்துக் கள்ளக் கணக்கு.

நெய்வேலிக்குத் திரும்புவோம். 1957 மே மாதம் நேரு வந்து தொடங்கிவைத்த சுரங்கம். அடுத்த தலைமுறையில் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் 2010, 2012, 2014 என்று மறுபடி மறுபடி வேலைநிறுத்தம் செய்தார்கள். பணி நிரந்தரமும் சம வேலைக்குச் சம ஊதியமும் கேட்டார்கள். ஜானிசரிகள் கவிழ்த்த அண்டாதான், வேறென்ன?

அந்தப் பையன் சொன்னதற்கு இப்போது அர்த்தம் புரிகிறது. கூலி என்பது அவன் பெயர் இல்லை. அவனுக்கு வரவேண்டிய பாக்கி. கணக்குப் புத்தகத்தில் அதற்கு அழகான தமிழே இருக்கிறது.

'கொடுபட வேண்டிய கூலி'.