கம்ப்யூட்டர் ஆன் ஆனதுமே கேட்கும் பாஸ்வேர்டு மறந்துபோச்சா? ஃபார்மேட் வேண்டாம்!

பரணில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பை ஆன் செய்தால், விண்டோஸ் வருவதற்கு முன்பே பாஸ்வேர்டு கேட்கிறது. வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. 'ஃபார்மேட் பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். குடும்ப போட்டோக்கள்தான் அழியும். பாஸ்வேர்டு அப்படியே இருக்கும்!

காரணம், இந்த பயாஸ் பாஸ்வேர்டு ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. பழைய டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள சிமாஸ் என்ற சின்ன மெமரியில்தான் இருக்கும். கரண்ட் இல்லாதபோது அதைத் தாங்குவது, ஒரு ரூபாய் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. அதைக் கழற்றினால் பாஸ்வேர்டும் போய்விடும்.

முதலில் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு பேட்டரியை எடுங்கள். சில நிமிடங்கள் கழித்து, + குறி மேலே தெரிவதுபோல மாட்டுங்கள்.

அப்படியும் கேட்டால், பேட்டரி அருகே 'கிளியர் சிமாஸ்' ஜம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். 3 பின் இருந்தால் 1-2-ல் உள்ள மூடியை 2-3-க்கு மாற்றி, சில நொடிகளில் பழைய இடத்திலேயே போட வேண்டும். இதையும் கரண்ட் இல்லாமல்தான் செய்யணும். சில போர்டுகளில் பாஸ்வேர்டுக்கே தனி ஜம்பர் உண்டு.

ஆன் செய்ததும் எரர் மெசேஜ் வந்தால் பயப்பட வேண்டாம். செட்டிங்ஸ் எல்லாம் அழிந்ததால் வருவதுதான். தேதி, நேரத்தை சரிசெய்யுங்கள். இல்லையென்றால் பல வெப்சைட்கள் திறக்காது. விண்டோஸ் பாதியிலேயே நின்றால், பயாஸில் சாட்டா மோடை ஏஎச்சிஐ, ஐடிஇ என மாற்றிப் பாருங்கள்.

போட்டோ மட்டும் போதும் என்றால் இவ்வளவு சிரமமே வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்தாலே காப்பி எடுக்கலாம். (உண்மையில் இந்தப் பூட்டு அவ்வளவுதான்!) டிஸ்க்குக்கே தனி பாஸ்வேர்டு போட்டிருந்தாலோ, என்கிரிப்ட் செய்திருந்தாலோ இது நடக்காது.

லேப்டாப் கதை வேறு. பல மாடல்களில் பாஸ்வேர்டு, பேட்டரி இல்லாமலே நினைவில் வைத்திருக்கும் தனி சிப்பில் இருக்கும். திறந்து நோண்டாமல், வாங்கிய பில்லுடன் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போவதே நல்லது.